கல்முனையிலிருந்து கொழும்புக்கு

தவணை முடிவு நெருங்கும் நாட்களில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் பாடசாலைகளிற் கொழும்புச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சே பெரும் பேச்சாக இருக்கும். ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்தபின் பாடசாலை வாயிலில் பஸ் வந்து நிற்கும். உம்மாமார் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதிகளுடன் பிள்ளைகள் ஏறுவர். நடுச்சாமம் வரையிற் பாட்டும் கைதட்டலும், பிறகு உறக்கம். விடியும்போது கொழும்பு வந்துவிடும். காலிமுகத்திடல், சுதந்திர மண்டபம், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, 2019 இல் திறந்து வைக்கப்பட்ட தாமரைக் கோபுரம் என்று அந்த ஒரு பகலில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, மறு இரவே திரும்பிவிடுவர். என்ன கண்டாய் என்று வீட்டார் கேட்டால், யானையைக் கண்டேன், கோபுரத்தின் உச்சியில் ஏறினேன் என்று பிள்ளை விடை சொல்லும்.

குறை பிள்ளையினுடையதன்று. தான் பிறந்த கரைக்கும் அந்தத் தலைநகருக்கும் நெடுங்காலத் தொடர்பு ஒன்று உண்டென்பதை அதற்கு எவரும் சொல்லவில்லை. பஸ் மேற்கு நோக்கி ஓடுகின்றது. அந்தப் பிள்ளைகளுடைய முன்னோரிற் சிலரோ, ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்தவர்கள். விரும்பி வந்தவர்களல்லர்.

பயணம் இவ்வளவு எளிதானதும் அண்மைக் காலத்திலேதான். 1924 இற் கல்லடிப் பாலம் திறக்கப்படும் வரையில், கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகிறவர் வாவியைத் தோணியிலே கடக்க வேண்டியிருந்தது. புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது 1928 இலாகும். அதன்பின் இருப்புப் பாதையே கொழும்புக்கு இராசபாட்டையாயிற்று. போர்க்காலத்தில் அப்பாதையும் ஆண்டுக்கணக்காகத் தடைப்பட்டது. அவ்வாண்டுகளிற் பாடசாலைப் பருவத்தைக் கழித்த பலர் தலைநகரைக் காணாமலே வளர்ந்து பெரியவர்களானார்கள். இன்று தம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கைகாட்டி நிற்கும் பெற்றோரில் அத்தகையோரும் உளர்.

கொழும்பின் பழைமையைச் சொல்லத் தொடங்குவோர் பெரும்பாலும் போர்த்துக்கேயரிலிருந்து தொடங்குவர். அது பிழை. 1344 இல் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா, பாவாத மலையைத் தரிசித்துத் திரும்பும் வழியிற் கொழும்பையும் கண்டார். சரந்தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்றென அதனைக் குறிப்பிட்டார். அங்கே கடலதிபதியாயிருந்த ஜாலஸ்தி என்பவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர் என்றும் எழுதினார். ஐரோப்பியக் கப்பல் ஒன்று இக்கரையைக் காண்பதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்பு ஒரு வணிகத் துறைமுகம். அந்த வணிகத்திற் சோனகரின் பங்கு பெரிது.

1505 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்கள் நாடிய பொருள் கறுவா. அந்தக் கறுவா வணிகம் சோனகர் கையில் இருந்தது. பகைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆயினும் மதத்தின் பெயரும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1526 இற் கோட்டை அரசனை நெருக்கிச் சோனகரைக் கொழும்பிலிருந்து வெளியேறச் செய்தனர். சென்றவர்களிற் பலர் நாளடைவில் திரும்பி வந்திருக்க வேண்டும். ஏனெனில், சரியாக நூறு ஆண்டுகளின்பின், 1626 இல், தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் அனைத்திலுமிருந்தும் அவர்களை அகற்றும்படி மீண்டும் கட்டளை பிறந்தது. கொன்ஸ்தாந்தீனு த சா என்னும் தளபதி அதனை நிறைவேற்றினான்.

புகலின்றி நின்றவர்களை ஏற்றுக்கொண்டவன் கண்டி அரசன் செனரத். அவர்களுள் நாலாயிரம் பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கின்றனர். இதை அரசனுடைய இரக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கிழக்கின் வயல்களுக்கு உழைப்போர் வேண்டும். மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கொண்டுவரத் தவளம் நடத்துவோர் வேண்டும். கடலோரத்திற் பறங்கியருக்கு எதிராக நிற்கக்கூடிய குடிகளும் வேண்டும். அரசன் கணக்குத் தவறவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1628 இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் கோட்டை எழுப்பினர்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கிழக்குக் கரையின் முஸ்லிம்கள் அனைவரும் அந்த நாலாயிரவரின் சந்ததியார் என்று கொள்வது பொருந்தாது. அவர்களுக்கு முன்னரும் அக்கரையில் முஸ்லிம் குடிகள் இருந்தன. தாய்வழி எண்ணப்படும் குடிமரபும், அயலிலுள்ள தமிழரோடு ஒத்த பல வழக்கங்களும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததன் அடையாளங்கள். ஆயினும் கொழும்பிலிருந்து துரத்தப்பட்டோரின் இரத்தமும் அவ்வூர்களில் ஓடுகின்றது என்பது உண்மை.

ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பைக் கைப்பற்றினர். ஆள்வோர் மாறினாரேயன்றிச் சட்டத்தின் குணம் மாறவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு உடையவராயிருத்தலாகாது என்னும் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் வந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1832 இல், அது நீக்கப்பட்டது.

இவ்வளவும் அறிந்த பிள்ளை புறக்கோட்டையிற் கால் வைக்கும்போது அவ்விடம் வேறாகத் தோன்றும். இரண்டாம் குறுக்குத் தெருவிற் செங்கல் நிறமும் வெண்மையும் வரிவரியாக மாறி எழுந்து நிற்கும் சிவப்புப் பள்ளிவாசலைக் காணாமற் கொழும்பிலிருந்து திரும்பும் கல்முனைக் குழு அரிது. ஜாமிஉல் அல்பார் என்னும் அப்பள்ளி 1908 இல் தொடங்கி 1909 இற் கட்டி முடிக்கப்பட்டது. வரைபடம் தந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை; அவர் கட்டடக் கலையைக் கல்லூரியிற் கற்றவரல்லர். பிள்ளைகள் அதன் கோபுரங்களை எண்ணுகின்றனர், படம் பிடிக்கின்றனர். ஒரு சோனகன் ஒரு காணித்துண்டு வைத்திருக்கவும் உரிமையற்றிருந்த அதே புறக்கோட்டையில், தடை நீங்கி எழுபத்தேழே ஆண்டுகளில் அது எழுந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அடுத்து மருதானை. சுற்றுலாப் பட்டியல்களில் ஸாஹிறாக் கல்லூரி இடம்பெறுவதில்லை, இடம்பெறல் வேண்டும். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 இற் கொழும்பை அடைந்த அறபி பாஷா ஊக்கமூட்ட, கண்டியின் சித்திலெவ்வையும் கொழும்பின் வாப்பிச்சி மரிக்காரும் பிறரும் முயன்று 1892 இல் நிறுவிய கல்விக்கூடம் அது. கல்முனைக்கு அதனோடுள்ள தொடர்பு ஒரு மனிதரால் உண்டாயிற்று. 1942 ஏப்ரலிற் கொழும்பின்மீது யப்பானியர் குண்டு வீசினர். நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. நெல் விளையும் கல்முனைப் பகுதியின் உற்பத்தியைப் பெருக்குவதற்காக அங்கே ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டு, ஏ.எம்.ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். வயலைப் பார்க்க வந்தவர் வயலோரத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். அறிவுள்ள பிள்ளைகள் இருந்தும் மேற்படிப்புக்கு வழியில்லாமையைக் கண்டார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோடு அவருக்கு நட்பும் அக்காலத்தில் முதிர்ந்தது. அடிகள் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்குச் சென்றார். அஸீஸ் 1945 இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை ஏற்படுத்தி, 1948 இற் சிவில் சேவையையே துறந்து ஸாஹிறாவின் அதிபரானார். 1961 வரை அப்பதவியில் இருந்தார். ஓர் அரச அதிகாரி பெரும்பதவியை விட்டுப் பாடசாலைக்கு வருவது அன்றும் அரிது, இன்றும் அரிது. அவர் காலத்திற் கிழக்கு மாகாணத்து மாணவர் பலர் மருதானை விடுதியில் தங்கிப் படித்துப் பட்டதாரிகளாயினர்.

காலிமுகத்திடலில் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. பிள்ளைகள் தாமே நின்றுவிடுவர். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் அமைத்த அத்திடலின் வட அந்தத்தில், தூண்கள் நிரை நிரையாக நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் உண்டு. 1930 இல் திறக்கப்பட்ட அதில் 1982 வரை நாட்டின் சட்டசபை கூடிற்று. 1947 இற் கல்முனைத் தொகுதியின் முதற் பிரதிநிதியாகக் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் சென்று அமர்ந்ததும் அங்கேயே. இப்போது பாராளுமன்றம் தியவன்னா ஓயாவின் நடுவே ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் இருக்கின்றது. பறங்கியரின் நெருக்குதலுக்குப் பணிந்த அரசன் ஆண்டதும் அந்தக் கோட்டை நகரையே.

சுதந்திரச் சதுக்கத்து மண்டபத்தின் முன் ஆசிரியர்கள் பெரும்பாலும் 1948 பெப்ரவரி 4 என்னும் திகதியைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். சொல்லவேண்டியது இன்னும் உண்டு. சுதந்திரத்துக்கு வழி வகுத்த வெள்ளை அறிக்கை 1945 நவம்பரில் அரசாங்க சபையில் விவாதிக்கப்பட்டபோது, ஸாஹிறாவின் அதிபராயிருந்த டி.பி. ஜாயா, தம் சமூகத்தின் தனிநலத்தை முன்வைத்துப் பேரம் பேசாது ஆதரவு தெரிவித்தார். பிரேரணை 51 வாக்குகளால் நிறைவேறிற்று, எதிர்த்தவை மூன்று. இனி, மண்டபத்தின் வடிவம். கண்டி அரசமாளிகையின் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்தைப் பின்பற்றி அது கட்டப்பட்டது. கொழும்பு துரத்தியபோது இடங்கொடுத்தது கண்டி இராச்சியம். அந்த இராச்சியத்தின் சபாமண்டப வடிவிலேயே தலைநகரின் சுதந்திரச் சின்னம் நிற்கின்றது. கிழக்குக் கரைப் பிள்ளைகள் அதன் படியில் அமர்ந்து மதிய உணவு உண்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அங்கிருந்து நூதனசாலை அண்மையில் உள்ளது. தேசாதிபதி வில்லியம் கிறெகறியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அவ்வெண்மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர், முன்னே சொன்ன வாப்பிச்சி மரிக்கார். புறக்கோட்டையின் பழைய நகர மண்டபமும் கோட்டையின் பொதுத் தபால் நிலையமும் அவர் கட்டியவையே. திறப்பு விழாவில், என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கவேண்டும் என்று மட்டுமே அவர் கேட்டார் எனக் கூறப்படுகின்றது. நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது; பிற்காலத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

உள்ளே சென்றதும் பிள்ளைகளின் கூட்டம் கண்டி அரசரின் சிம்மாசனத்தைச் சூழ்ந்துகொள்ளும். 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த அச்சிம்மாசனம் பார்க்கத்தக்கதே. ஆனால் கல் வைக்கப்பட்டிருக்கும் பகுதிக்கும் அவர்களை அழைத்துச் செல்லவேண்டும். 1911 இற் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே நிற்கின்றது. 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவினாற் கொண்டுவரப்பட்டது. அவர் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெண்டிரைத் தேவுந்துறையின் நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாக, மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

பாரசீகப் பகுதியே மிகுதியாகத் தேய்ந்திருக்கின்றது. எனினும் அதன் எழுத்து அறபு எழுத்து. அறபுத் தமிழ்க் கிதாபுகளை ஓதிய மூத்தம்மாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது அந்நியமன்று. சீன எழுத்தைக் கண்டு மலைக்கும் பிள்ளை, மற்ற இரண்டிலும் தனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றையாவது தேடிப் பார்க்கலாம்: ஒன்று பாடசாலையிற் கற்றது, மற்றது குர்ஆன் ஓதிய இடத்திற் கற்றது. அதற்குக் கால்மணி நேரம் செல்லும். பஸ் காத்திருக்கட்டும்.