அரை டாலர் தடுப்பூசி

இந்த எபிசோடு ஒரு தடுப்பூசியோட கதை. விலையை முதல்ல முடிவு பண்ணிட்டு, அப்புறமா உருவாக்கின தடுப்பூசி.

நோயோட பேர் மெனிஞ்சைடிஸ். நம்ம ஊர்ல பொத்தாம்பொதுவா மூளைக்காய்ச்சல்னு சொல்லிடுவோம். ஆனா இதுல வீங்குறது மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தியிருக்கிற உறை. பாக்டீரியாவால வந்தா ஒரே நாள்ல உயிர் போகலாம். பிழைச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குக் காது கேளாமை மாதிரி ஏதாவது ஒரு பாதிப்பு தங்கிடுது. காய்ச்சலோட கடுமையான தலைவலியோ கழுத்து விறைப்போ இருந்தா, மாத்திரை போட்டுட்டு விடியட்டும்னு இருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிதான்.

சரி, கதைக்கு வருவோம். ஆப்பிரிக்காவில், சகாராவுக்குத் தெற்கே, செனகல்ல இருந்து எத்தியோப்பியா வரைக்கும் ஒரு நிலப்பகுதி. 1963-ல லாபேசோனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதுக்கு 'மெனிஞ்சைடிஸ் பட்டை'ன்னு பேர் வெச்சார். டிசம்பர்ல இருந்து ஜூன் வரைக்கும் வறண்ட காற்று, புழுதி. சில வருஷத்துக்கு ஒருமுறை நோய் பெருசா கிளம்பும். 1996-97-ல மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு நோய், 25,000 சாவு. பெரும்பாலும் மெனிங்கோகாக்கஸ் 'ஏ' வகை.

அப்போ தடுப்பூசியே இல்லையான்னா, 1970-கள்லேர்ந்தே இருந்தது! அந்தக் கிருமியைச் சுத்தி ஒரு சர்க்கரை உறை இருக்கு. அதை மட்டும் பிரிச்செடுத்து ஊசியா போட்டாங்க. கைக்குழந்தைகளோட உடம்பு அதைச் சரியா கண்டுக்காது. பெரியவங்களுக்கும் பாதுகாப்பு சில வருஷம்தான். அதனால நோய் கிளம்பின பிறகு ஊசியைத் தூக்கிட்டு ஓடுவாங்க. சர்வர் விழுந்த பிறகு பேட்ச் போடுற கதை.

தீர்வும் தெரிஞ்சதுதான். அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோட இணைச்சுட்டா, உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்கும். 1999-ல பிரிட்டன் தன் நாட்டுல பரவின 'சி' வகைக்கு இப்படி ஒரு ஊசியைக் கொண்டு வந்துடுச்சு. ஆப்பிரிக்காவுக்கு? பெரிய கம்பெனிகளுக்கு அதுல லாபம் தெரியலை. எனக்கு இந்த இடம்தான் உறுத்துது.

2001-ல உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. தலைமை மார்க் லாஃபோர்ஸ். ஆப்பிரிக்க அதிகாரிகள்கிட்ட கேட்டப்போ பதில் தெளிவா வந்தது: ஒரு டோஸ் அரை டாலரைத் தாண்டினா எங்களால தொடர்ந்து வாங்க முடியாது. அதுதான் ரிக்வயர்மென்ட். மத்ததெல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

தயாரிப்பு புனேவில், சீரம் இன்ஸ்டிடியூட்டில். இணைப்புக்கான புரதம் டெட்டனஸ் டாக்சாய்டு. அதை அவங்க ஏற்கெனவே டன் கணக்கில் இல்லாட்டியும் பெரிய அளவில் செஞ்சிட்டிருந்தாங்க. ரெண்டையும் இணைக்கிற முறை அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வகத்திலிருந்து வந்தது. பேர் மென்ஆஃப்ரிவாக்.

2010 டிசம்பர் 6. புர்கினா ஃபாசோ. 1 முதல் 29 வயசு வரை எல்லாருக்கும் ஊசி. பத்து நாள்ல ஒரு கோடிக்கும் மேற்பட்டவங்க. ஏன் இளைஞர்கள் வரைக்கும்? நோயே வராம தொண்டையில கிருமியைச் சுமந்து பரப்புறதுல அவங்களுக்குப் பெரிய பங்கு. அங்கேயே அடைச்சதால ஊசி போடாதவங்களும் தப்பிச்சாங்க. அப்புறம் பட்டை முழுக்க 30 கோடிக்கும் மேற்பட்டவங்களுக்குப் போட்டாங்க. 2017-க்குப் பிறகு அங்கே 'ஏ' வகை நோய் பதிவாகலை.

ஆனா அதே 2017-ல நைஜீரியாவில் 'சி' வகை கிளம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. மென்ஆஃப்ரிவாக் 'ஏ'-வை மட்டும்தான் தடுக்கும். மறுபடியும் புனே, மறுபடியும் பாத். இந்தத் தடவை ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ்னு அஞ்சு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2023-ல உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைச்சது. 2024-ல அதை உலகத்திலேயே முதல்ல போட ஆரம்பிச்ச நாடு, நைஜீரியா.