துளரும் துடவையும்

திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கமே, பண்டு நன்னன் என்னும் குறுநில மன்னன் ஆண்ட செங்கண்மா என்பர் அறிஞர். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த பத்துப்பாட்டுள் அது 1889-ஆம் ஆண்டில் அச்சேறிற்று.

அந்நூல் மலைத்தோட்டத்தைத் துடவை என்கின்றது. அது ஏரால் உழாது வித்தப்பட்டது. துளர் என்னும் களைக்கொட்டாற் கொத்தப்பட்டது. கற்சரிவில் ஏர் செல்லாதாகலின் கைக்கருவியே துணையாயிற்றுப் போலும். ஆண்டு இஞ்சி முற்றியதும், குழிதோறும் கவலைக்கிழங்கு வீழ்ந்ததும் கூறப்படுகின்றன. இஞ்சி விதையாற் பயிரிடப்படுவதன்று. கிழங்கைத் துணித்து நடுவது. ஆகவே, விதையின்றிப் பயிர்பெருக்கும் முறையை அக்குன்றவர் நன்கு அறிந்திருந்தனர் எனத் துணியலாம்.

இன்றும் நாம் மல்லிகையைப் பதியத்தாலும், முருங்கையைப் போத்தாலும், மாவை ஒட்டாலும் பெருக்குகின்றோம். களைக்கொட்டும் கைவிடப்பட்டிலது. எனினும், துளர் என்னும் சொல் வழக்கொழிந்தது. போத்து, பதியம் என்பனவும் அவ்வழியே செல்கின்றன. என் வகுப்பில் உழவர்தம் மக்களுள்ளும் பலர் அவற்றின் பொருள் அறியார். சொல் மறையின், அது சுட்டும் தொழில்நுட்பமும் மெல்ல மறையும். ஆதலின் இல்லந்தோறும் முதியோர்பாற் கேட்டு, தோட்டத்தொழிற் சொற்களைப் பிள்ளைகள் கையால் எழுதிவைக்கச் செய்தல் நம் கடனாகும்.