மின்வில்லும் கரியும்: மெதேன் பிளவின் வரலாறு

ஒரு பொருளை இரண்டாகப் பிரிக்கும் தொழினுட்பத்தின் வரலாறு, பிரிந்த இரண்டிற்கும் உலகில் இடம் தேடிய வரலாறாகவும் அமைந்துவிடுவதுண்டு. மெதேன் வாயுவை மின்வில்லின் வெப்பத்தாற் பிளந்து ஐதரசனையும் திண்மக் காபனையும் பெறும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இதன் இரசாயனம் மிக எளிது. 16 கிராம் மெதேன் முற்றாகப் பிளவுறின் 4 கிராம் ஐதரசனும் 12 கிராம் காபனும் எஞ்சும். ஒட்சிசன் இத்தாக்கத்திற் பங்குகொள்ளாமையால் காபனீரொட்சைட்டு தோன்றுவதில்லை. எனினும் இவ்வெளிய தாக்கம் ஒரு தொழிலாக நிலைபெறுவதற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அதற்கான காரணத்தைத் தேடுமிடத்து, வெப்பத்தை ஆக்குவதிலும் பார்க்கக் கரியை விற்பதிலேயே பெரும் இடர்ப்பாடு இருந்தமை புலனாகும்.

ஒரு வாயு மிகையாக வெப்பமேறும்போது அதன் அணுக்கள் இலத்திரன்களை இழக்கின்றன. இவ்வாறு அயன்களும் இலத்திரன்களும் கலந்து மின்னைக் கடத்தும் நிலைக்கு, 1928ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்னும் பெயரைச் சூட்டினார். பெயர் தோன்றுமுன்னரே பொருள் தொழிற்சாலையுட் புகுந்துவிட்டது. நோர்வே நாட்டில் கிறித்தியான் பேர்க்கலான்ட் என்னும் பௌதிகவியலாளரும் சாம் எய்டே என்னும் பொறியியலாளரும் 1903இல் ஒரு முறையை வகுத்தனர். மின்வில்லைக் காந்தப்புலத்தால் வட்டத்தட்டுப்போல விரித்து, அதனூடாகக் காற்றைச் செலுத்தி, நைதரசனையும் ஒட்சிசனையும் இணையச் செய்வதே அம்முறை. அதன் பயன் உரமாக வெளிவந்தது. 1905இல் நோட்டொடன் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது. நீர்வீழ்ச்சிகள் மலிவாக வழங்கிய மின்சாரமே அதன் உயிர்நாடியாக விளங்கியது. மிகக் குறைந்த மின்செலவில் உரமாக்க உதவிய ஹேபர் – பொஸ்ச் முறை பரவியபின், மின்வில் உரத்தொழில் மறைந்தது.

மின்வில்லை ஐதரோகாபன்களின்மீது பேரளவிற் பிரயோகித்த பெருமை ஜேர்மனியின் ஹியூல்ஸ் ஆலைக்குரியது. 1940ஆம் ஆண்டு தொட்டு அங்கு ஐதரோகாபன் வாயுக்கள் மின்வில்லினூடாகச் செலுத்தப்பட்டு அசற்றிலீன் பெறப்பட்டது. போர்க்காலச் செயற்கை இறப்பருக்கு அவ்வசற்றிலீன் மூலப்பொருளாயிற்று. வெப்பமடைந்த வாயுவை ஒரு செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரத்துள் நீர் தெளித்துக் குளிர்விக்காவிடின், அசற்றிலீன் சிதைந்து காபனும் ஐதரசனுமாகிவிடும். அங்கு புகைக்கரி விரும்பத்தகாத ஒரு கழிவாகவே கருதப்பட்டது. பிற்காலத்தவர் நாடிய விளைபொருளை முற்காலத்தவர் தடுக்க முயன்றனர் என்பது இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

இரண்டு விளைபொருள்களையும் ஒருங்கே நாடிய முயற்சி மீண்டும் நோர்வேயிலேயே எழுந்தது. நீர்மின்சாரமும் வடகடல் இயற்கைவாயுவும் ஒருங்கே வாய்த்த அந்நாட்டின் குவார்னர் நிறுவனம், 1980களிலிருந்து இம்முறையை வளர்த்தது. பென்சிற்கரி மின்வாய்களுக்கிடையே ஐதரசனைச் செலுத்திப் பிளாஸ்மாவாக்கி, ஏறத்தாழ 1600 பாகை செல்சியசு வெப்பநிலையில் மெதேனைப் பிளப்பது அதன் வழியாகும். 1999இல் கனடாவின் மொன்றியல் நகரருகே ஆலை தொடங்கப்பெற்றது. 2003இல் அது மூடப்பட்டது. கிடைத்த கரியின் தரம் எதிர்பார்த்த நிலையை எட்டாமையே அதற்குக் காரணமாகக் கூறப்படும். ரயர்களில் இறப்பருக்கு வலுவூட்டும் கரி வெறும் கருந்தூள் அன்று. அதன் துணிக்கைகளின் பருமனும் மேற்பரப்பும் அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதமும் அளவோடு அமைதல் வேண்டும். அவ்வமைப்பற்ற கரியை வாங்குவோர் அரியர்.

அத்தோல்வி கற்பித்த பாடம் வீண்போகவில்லை. பிரான்சின் பாரிசுச் சுரங்கக் கல்லூரி ஆய்வாளர்கள் 1990கள் தொட்டு மும்முனை ஆடலோட்டத்தால் இயங்கும் பிளாஸ்மா உலைகளை ஆராய்ந்து, கரியின் நுண்ணமைப்பிற் கருத்தைச் செலுத்தினர். அவ்வாய்வோடு தொடர்புற்று 2012இல் அமெரிக்காவில் எழுந்த மொனோலித் நிறுவனம், நெப்ராஸ்கா மாநிலத்து ஹாலம் என்னும் ஊரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14,000 தொன் கரி ஆக்கவல்ல ஆலையை 2020இல் நிறைவுசெய்தது. அங்கு கரியே முதன்மை விற்பனைப் பொருளாயிற்று. ஐதரசனை அயலிலுள்ள மின்நிலையத்தின் கொதிகலனில் எரிக்கும் எண்ணம் முதலில் இருந்தது. பின்னர் அதனை அமோனியாவாக்கி உரத்திற்குப் பயன்படுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 104 கோடி டொலர் கடனுக்கு நிபந்தனையுடன் கூடிய உத்தரவாதத்தை அறிவித்தது. நோட்டொடனில் உரத்திற்காகப் பிறந்த மின்வில், ஒரு நூற்றாண்டின் பின் வேறொரு வழியாய் உரத்தையே நாடியமை வியப்பிற்குரியது.

இம்முறையின் கவர்ச்சி எண்களில் தெளிவாகும். கொதிநீராவியால் மெதேனைச் சிதைக்கும் வழமையான முறையில் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 9 முதல் 10 கிலோகிராம் வரை காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. நீரைப் பிளந்து ஒரு மூல் ஐதரசனைப் பெறக் கொள்கையளவில் 286 கிலோயூல் சக்தி தேவை. மெதேனைப் பிளப்பதற்கோ 37 கிலோயூலே போதும். ஆயின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். ஒரு கிலோகிராம் ஐதரசனோடு 3 கிலோகிராம் கரியும் பிறக்கின்றது. உலகின் ஆண்டு ஐதரசன் உற்பத்தி 9 கோடி தொன்னுக்கு மேற்பட்டது; இறப்பருக்கும் மைக்கும் வேண்டப்படும் கரியோ ஏறத்தாழ ஒன்றரைக் கோடி தொன் மட்டுமே. ஐதரசன் முழுவதையும் இவ்வழியாற் பெறின், 27 கோடி தொன்னுக்கு மேற்பட்ட கரி ஆண்டுதோறும் குவியும். அதனை எரித்தால் தவிர்த்த காபனீரொட்சைட்டு மீண்டும் தோன்றும். புதைத்தால் மெதேனின் எரிசக்தியில் ஏறத்தாழ 44 சதவீதத்தையும் அதனுடன் புதைத்தல் வேண்டும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரினும், கிணற்றிலும் குழாயிலும் மெதேன் கசியினும், கிடைக்கும் நன்மை அருகிவிடும்.

ஹியூல்ஸில் கரி கழிவாயிருந்தது. மொன்றியலில் விலைபோகாத சரக்காயிற்று. நெப்ராஸ்காவில் ஆலையைத் தாங்கும் தூணாயிற்று. மின்வில்லின் வெப்பம் எக்காலத்தும் தன் கடமையைச் செய்தே வந்துள்ளது. ஒன்றரைக் கோடி தொன் என்னும் சந்தையின் எல்லைக்குள் இத்தொழில் தழைக்க இடமுண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் அது செல்ல வேண்டுமாயின், கட்டடத்திலோ வீதியிலோ விளைநிலத்திலோ கரிக்குப் புதியதோர் இருப்பிடத்தைக் கண்டாதல் வேண்டும்.