சிறிய பாடசாலையின் பெறுபேற்றை எப்படி வாசிப்பது?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் நமது ஊர்களில் இரண்டு காரியங்கள் நடக்கும். 9ஏ பெற்ற பிள்ளைகளின் படங்களோடு பதாகைகள் எழும். அடுத்து, எந்தப் பாடசாலை எத்தனை வீதம் என்ற ஒப்பீடு தொடங்கும். பெரிய பாடசாலைகள் இந்த ஒப்பீட்டைத் தாங்கிக்கொள்ளும். இருபது, இருபத்தைந்து பேர் மாத்திரமே தோற்றும் சிறிய பாடசாலைகளுக்கோ இது இருப்பையே தீர்மானிக்கும் விடயம். வீதம் குறைந்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பாடசாலைக்கு மாற்றுகின்றனர். மாணவர் தொகை குறைந்தால் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகிறது. ஆசிரியர் குறைந்தால் அடுத்த வருடப் பெறுபேறு இன்னும் கீழே போகிறது.

எனவே இந்த வீதங்களைச் சரியாக வாசிக்கப் பழகுவது நமது சமூகத்துக்கு அவசியம். கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் அதற்கான சில அடிப்படைகளை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பாடசாலை எந்த வகை?

இலங்கையின் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். 1ஏபி பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர் தரம் உண்டு. 1சி பாடசாலையில் உயர் தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகளே உண்டு. வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிகிறது. வகை 3 ஆரம்ப வகுப்புகளைக் கொண்டது. 1சி பாடசாலையில் சாதாரண தரத்தில் நன்றாகச் செய்த பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால் வேறு பாடசாலைக்குப் போயே ஆகவேண்டும். பின்னர் அந்தப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் பதாகை தொங்குவது இரண்டாவது பாடசாலையின் மதிலில்தான்.

“சித்தி” என்றால் என்ன?

மாணவர்கள் 9 பாடங்களுக்குத் தோற்றுகின்றனர். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்களும் கட்டாயம். மற்ற மூன்றும் தொகுதிப் பாடங்கள். உயர் தரம் கற்கத் தகுதி பெறுவதற்கு, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும் அவற்றில் 3 பாடங்களில் குறைந்தது ‘சி’ தரமும் வேண்டும். எட்டுப் பாடங்களில் சித்தியடைந்தும் கணிதத்தில் ‘டபிள்யூ’ பெற்ற பிள்ளை இந்தக் கணக்கில் விழாது. ஆகவே பாடசாலையொன்றின் வீதம் தாழ்ந்திருந்தால் முதலில் கேட்கவேண்டியது: அங்கே கணித ஆசிரியர் இருந்தாரா? எத்தனை மாதங்கள் இருந்தார்?

சிறிய எண்களின் ஆட்டம்

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். முதலாம் வருடம் 20 பேர் தோற்றி 13 பேர் தகுதி பெறுகின்றனர்: 65 வீதம். இரண்டாம் வருடம் 24 பேரில் 12 பேர்: 50 வீதம். மூன்றாம் வருடம் 16 பேரில் 11 பேர்: 69 வீதம். இரண்டாம் வருடத்தில் “பாடசாலை விழுந்துவிட்டது” என்று ஊர் பேசும். உண்மையில் தகுதி பெற்றவர் தொகையில் குறைந்தது ஒருவர் மாத்திரமே. மூன்று வருடங்களையும் சேர்த்தால் 60 பேரில் 36 பேர், அதாவது 60 வீதம். சிறிய பாடசாலைக்கு இந்த மூன்று வருடக் கூட்டுக் கணக்கே நியாயமானது.

யார் தோற்றினர், யார் தோற்றவில்லை?

வீதம் தோற்றியவர்களை மாத்திரமே எண்ணுகிறது. தரம் 6 இல் 30 பிள்ளைகள் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். 5 பேர் வேறு பாடசாலைகளுக்கு மாறினர். 5 பேர் இடையில் படிப்பையே விட்டனர். எஞ்சிய 20 பேரில் 13 பேர் தகுதி பெற்றால் பதாகையில் 65 வீதம் வரும். படிப்பை விட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 25 இல் 13, அதாவது 52 வீதம். கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. அந்த ஐவரும் சட்டப்படி வகுப்பறையில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள். நலிந்த மாணவர்களைத் தோற்றவிடாமல் செய்தால் வீதம் தானாக உயரும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

வகுப்பில் இருப்பவர் யார்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி பெறுபவர்கள் பிரபல பாடசாலைகளுக்குச் செல்ல வாய்ப்புப் பெறுகின்றனர். வசதியுள்ள குடும்பங்கள் அதற்கு முன்பே மாற்றிக்கொள்கின்றன. மீதமிருப்பவர்களில் கூலித் தொழிலாளர், மீனவர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பிள்ளைகளும், தாயோ தந்தையோ மத்திய கிழக்கில் இருக்க உம்மும்மாவிடம் வளரும் பிள்ளைகளும் அதிகம். ஆண் பிள்ளைகளில் சிலர் தரம் 9, 10 இல் கடைக்கோ வேறு தொழிலுக்கோ போய்விடுகின்றனர். மேல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடப்பெயர்வும் மாணவர் தொகையை மாற்றுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். 2009 இன் பின்னர் ஒரு பகுதியினர் மீளக் குடியேறினர். இவ்வாறு போக்குவரத்துள்ள ஊர்களில் ஒரு வகுப்பின் மாணவர் இடாப்பு தரம் 6 இலும் தரம் 11 இலும் ஒன்றாக இருப்பதில்லை. ஐந்து வருடங்கள் கற்ற பிள்ளையையும் ஒரு வருடம் மாத்திரம் கற்ற பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி?

நாம் கேட்கவேண்டியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் அதிபரிடம் நான்கு தகவல்களைக் கேட்கலாம். தரம் 6 இல் சேர்ந்தவர் எத்தனை பேர்? இடையில் விலகியவர் எத்தனை பேர், ஏன்? மூன்று வருடக் கூட்டு வீதம் என்ன? எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதங்கள் ஆசிரியர் இருக்கவில்லை? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுசெல்லலாம். கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு மீண்டும் தோற்ற வழியுண்டு. பெறுபேறு எவ்வாறிருந்தாலும் தொழிற்பிரிவில் தொடர்ந்து கற்பதற்காக 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. இவ்விரண்டையும் அறியாமல் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிடும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர்.

ஏற்பாட்டாளர்கள் 9ஏ பெற்றவர்களுக்குக் கௌரவிப்பு விழா நடத்தட்டும், அது நல்லது. அதே வாரத்தில், தரம் 10 இடாப்பிலிருந்து பெயர் விடுபட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கும் இரண்டு பேர் போய் வரட்டும். ஒரு மஹல்லாவில் அப்படிப்பட்ட வீடுகள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். ஓர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் போய் வந்துவிடலாம்.