களிக்கோலில் இருந்து பள்ளிக்கூட அடுப்பு வரை: நம்ம வட்டாரத்துக் காலைச் சாப்பாட்டின் கதை



இந்த மலருக்காகக் குழுவுக்கு ஒரு சமையல் குறிப்பு எழுதித் தாங்கன்னு சொல்லியிருந்தோம். வந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தால் கேசரி, முட்டையில்லாத கேக், பன்னீர் குருமா, வெஜிடபிள் புலாவ் எல்லாம் இருந்தது. எல்லாமே நல்ல குறிப்புகள்தான். ஆனால் ராகிக் களி ஒரு தாளிலும் இல்லை. கூட்டத்தில் இதைக் கேட்டபோது இளைய உறுப்பினர் ஒருத்தர், "களியெல்லாம் ஒரு ரெசிபியாக்கா? அது சும்மா வீட்டுல செய்யறதுதானே" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் விடவில்லை. "சும்மா செய்யறதா? எங்க, ஒரு நாளைக்கு நீ கட்டி விழாம கிண்டிக் காட்டு கண்ணு, பார்க்கலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு, களி கிண்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டோம். நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் மூன்று பேர்தான் தூக்கினார்கள். அந்த மூன்று கைகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ராகி வந்த வழி

கேழ்வரகு என்று புத்தகத்தில் எழுதுகிறோம். நம்ம ஊரில் அது ராகி. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே போனால் கேவுரு என்பார்கள். இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலம். அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்து, தக்காணத்து மேட்டு நிலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி எல்லாம் அந்த மேட்டு நிலத்தின் ஓரம். ஏரித் தண்ணீர் எட்டாத இடத்தில் நெல் வராது, ராகி வரும். ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. ஊடே சால் விட்டு அவரையும் துவரையும் போடுவார்கள். களியும் அதற்குக் குழம்பும் ஒரே நிலத்தில் விளைந்தன.

ராகிக்கு இன்னொரு குணம் உண்டு. நன்றாகக் காய வைத்தால் பல வருஷம் பூச்சி அண்டாமல் கிடக்கும். அதனால்தான் பஞ்சத்துக்குப் பயந்த ஊர்கள் அதைக் குழியில் போட்டு மூடி வைத்தன. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. நம்ம ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தானியத்தைக் கையிருப்பு வைக்கும் பழக்கம் பாட்டிமார்களுக்கு இப்படிப்பட்ட காலங்களில் இருந்து வந்ததுதான்.

நூறு கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 340 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். நம்ம அவ்வாக்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "களி தின்னவன் கல்லைத் தூக்குவான்" என்ற அளவில் தெரியும்.

ஆனால் அந்தக் களிக்குப் பின்னால் இருந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. விடியற்காலை மூணு மணி, நாலு மணிக்கு எழுந்து திருகைக்கல்லில் ராகி அரைக்க வேண்டும். மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் உட்கார்ந்து சுற்றுவார்கள். அதற்குப் பிறகு தண்ணீர், மாடு, வயல். ராத்திரி மிஞ்சின களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போவார்கள். காலைச் சாப்பாடு என்றால் அதுதான். இட்லி, தோசை எல்லாம் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். மாவு மில் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டது பெண்கள்தான். திருகைக்கல் போனதற்கு நாம் யாரும் அழ வேண்டியதில்லை.

மூன்று மொழி, ஒரே பண்டிகை அடுப்பு

நம்ம பக்கம் ஒரு தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். சில வீடுகளில் உருதுவும் கேட்கும். களியைத் தெலுங்கு வீட்டில் சங்கடி என்பார்கள், கன்னட வீட்டில் முத்தே என்பார்கள். 1792-ல் பாரமகாலும், 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் மைசூரிடம் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. ஆட்சியும் எல்லையும் மாறின. அடுப்பு மாறவில்லை.

பொங்கல் சமயத்தில் பச்சை அவரைக்கொட்டை வரும். அதை ராத்திரி ஊற வைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுத்தால் பிதுக்குப் பருப்பு. ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்க நாலு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிதுக்க வேண்டும். தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசினது அந்த ஒரு மணி நேரத்தில்தான். சங்கம் வருவதற்கு முன்னால் நமக்கு இருந்த சங்கம் அது.

யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும், கூடவே ஒப்பட்டு. தீபாவளிக்கு அதிரசம், அதைத்தான் பல வீடுகளில் கஜ்ஜாயம் என்கிறோம். ஒப்பட்டு செய்யும் அன்றைக்குப் பருப்பு வடித்த தண்ணீரை ஊற்ற மாட்டார்கள், அதிலேயே ஒப்பட்டுச் சாறு வைத்துவிடுவார்கள். அந்தச் சாறு மறுநாள் இன்னும் ருசி.

கம்பெனி பஸ்ஸும் பன்னும்

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட், அடுத்த சில வருஷத்தில் டைட்டன் வாட்ச் என்று ஒவ்வொன்றாக வந்தன. விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இருட்டோடு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். களியை டப்பாவில் கட்ட முடியாது, ஆறினால் இறுகிப் போகும். தக்காளி சாதம், லெமன் சாதம், உப்புமா அந்த இடத்துக்கு வந்தன.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரிகள் பெருகின. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அந்த ஊர் அய்யங்கார் பேக்கரிப் பலகாரம் அப்படியே இங்கேயும் வந்தது: காரா பன், வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் வைத்த தில்பசந்த். சம்பள நாளன்று அப்பா வாங்கி வரும் பொட்டலத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு நம்ம குழுக்களில் ஊக்குநரும் பிரதிநிதியும்.

ரேஷன் அரிசியும் சேர்ந்துகொண்டது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-ல் விலையில்லா அரிசி ஆனது. ஏழை வீட்டில் பசி போனது, அது பெரிய விஷயம். அதே நேரம் ராகி விதைத்த நிலத்தில் தக்காளி, ரோஜா, குடைமிளகாய் ஏறியது. "களி திங்கறவங்க" என்று பொண்ணு பார்க்க வந்த இடத்தில் குறைவாகப் பேசியதையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டே பல அம்மாக்கள் மகள்களுக்குக் களி கிண்டச் சொல்லித் தரவில்லை.

பிடி அரிசியில் இருந்து பேரேடு வரை

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-ல்தான். ஆக, தமிழ்நாட்டுக் குழு இயக்கம் முதன்முதலில் தொடங்கியது நம்ம பழைய மாவட்டத்தில். 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997-98-ல் தொடங்கிய மகளிர் திட்டம் வழியாக அது படிப்படியாக மாநிலம் முழுக்கப் பரவியது.

அதற்கு முன்பும் நாம் சேமித்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியோ ராகியோ எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம்ம பழக்கம். குழு வந்த பிறகு அந்தப் பிடி ரூபாயாக மாறியது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் எழுதக் கற்றுக்கொண்டோம். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ரூபாய் வட்டி விட்டுப் போனாலும் கண்டுபிடித்துவிடுவோம்.

பள்ளிக்கூட அடுப்பு

1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு. அடுத்து 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் இந்தச் சமையல் நம்ம குழுப் பெண்களின் கையில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளவு உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் கணக்கில்லாமல் செய்த காலைச் சமையலுக்கு முதல் தடவையாக அளவும் கூலியும் எழுதப்பட்டது.

அதே திட்டத்தில், அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் சிறுதானியத்தை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷம் மே மாதம் பக்கத்துத் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். நம்ம மாவட்டத்திலும் அரசே ராகி கொள்முதல் செய்கிறது. 2018-19-ல் குவிண்டாலுக்கு 2,897 ரூபாயாக இருந்த ஆதரவு விலை 2025-26-ல் 4,886 ரூபாய். ராகி திரும்பி வருகிறது.

இங்கேதான் சிக்கல். பள்ளியில் சமைப்பவர் பத்தாவது படித்திருக்க வேண்டும், அவர் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும், ஸ்மார்ட்போன் வேண்டும் என்று விதி. அது சரியான விதிதான், தன் பிள்ளை சாப்பிடும் சோற்றை யாரும் கவனக்குறைவாகச் சமைக்க மாட்டார்கள். ஆனால் ராகியின் பக்குவம் தெரிந்த கைகளுக்கு வயது அறுபது, எழுபது. அவர்கள் அந்த அடுப்புக்கு வர முடியாது. அடுப்பு முன்னால் நிற்கிறவருக்குப் பக்குவம் தெரியாது. ராகி மூட்டை வந்து இறங்கும்போது நாம் யாரிடம் கேட்போம்?

எழுதி வைத்த மூன்று

அதனால் அந்த மூத்த உறுப்பினரிடமே போய் உட்கார்ந்தோம். "அளவு எல்லாம் தெரியாதும்மா, கைக்குத்தான் தெரியும்" என்றார். அவர் கையால் போட்டதை எல்லாம் டம்ளரில் அளந்து எழுதினோம்.

களி: கால் டம்ளர் நொய்யை 3 டம்ளர் தண்ணீரில் குழைய வேக விடவும். உப்பு போட்டு, 1 டம்ளர் ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டவும், கிளறக் கூடாது. கோலால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி, சிறு தீயில் 5 நிமிடம். இறக்கி, பாத்திரத்தைக் காலால் அண்டக் கொடுத்து, கட்டி உடையும் வரை கிண்டவும். மறுபடி 3 நிமிடம் மூடி வேக விடவும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

ஒப்பட்டு: 1 டம்ளர் கடலைப்பருப்பை விரலால் நசுங்கும் பதத்தில் வேக வைத்து வடிக்கவும். 1 டம்ளர் வெல்லம், ஏலக்காய் சேர்த்து அரைத்துப் பூரணம் பிடிக்கவும். மைதாவில் மஞ்சள் தூள், உப்பு, தாராளமாக எண்ணெய் விட்டு இளக்கமாகப் பிசைந்து 2 மணி நேரம் ஊற விடவும். வாழை இலையில் தட்டிச் சுடவும். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டிப் பூரணம், புளி, ரசப்பொடி போட்டுத் தாளித்தால் சாறு.

ராகி பிஸ்கட், இது இளையவர்கள் எழுதியது: வறுத்த ராகி மாவு, கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராம். அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஏலக்காய், இரண்டு கரண்டிப் பால். ராகியில் ஒட்டும் தன்மை இல்லை, கோதுமை சேர்க்காவிட்டால் உதிர்ந்துவிடும். ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டு வைத்து 25 நிமிடம் சுடலாம்.

பிஸ்கட்டை முதலில் ருசி பார்த்தது களி சொல்லித் தந்த அதே அம்மாதான். "பரவாயில்ல, ராகி வாசனை அப்படியே இருக்கு" என்று இரண்டாவது எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, ஒரு சமையலை அளந்து எழுதி, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சொன்னவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதின நமக்கு இதை எழுதுவது கஷ்டமில்லை. நேரம்தான் குறைவாக இருக்கிறது, அவர்களுக்கு வயதாகிறது.