எட்டு மணிக்கு ஒரு கூடம்

அண்மையில் மகளின் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். சுவரிலே பெரிய தொலைக்காட்சி; அதன் முன்னே எவருமில்லை. பேரன் டப்ளெட்டில் கொரியத் தொடரொன்றில் மூழ்கியிருந்தான். பேத்தியின் கையில் தொலைபேசி. மருமகனின் மடியில் கணினி. “எட்டு மணிச் செய்தியைப் போடுவோமா?” என்று கேட்டேன்.

“அம்மப்பா, அதை எப்பவும் பாக்கலாம்தானே” என்றான் பேரன்.

எப்பவும் பார்க்கலாம்! தொலைக்காட்சியைப் பற்றி இப்படியொரு வார்த்தையை என் தலைமுறையில் எவரும் சொல்லியிருக்க முடியாது.

இலங்கையின் முதலாவது தொலைக்காட்சிச் சேவையான சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 இல் தனியார் முயற்சியாகவே தொடங்கியது. சில வாரங்களிலேயே அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பை ஆரம்பித்த பின்னரே தொலைக்காட்சி நாடளாவியதாயிற்று. அதன் அலைகள் கடலையும் தாண்டித் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களுக்குச் சென்றன.

யாழ்ப்பாணத்திலோ அலைகள் எதிர்த்திசையிலும் வந்தன. கூரைக்கு மேலே நீண்ட இரும்புக் குழாய், அதன் நுனியில் அன்ரெனா. ரூபவாஹினிக்குத் தெற்கே திருப்ப வேண்டும், கொடைக்கானலுக்கு மேற்கே. ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருகுவார். “இப்ப தெரியுதோ?” என்று அவர் கேட்க, உள்ளேயிருந்து பத்துக் குரல்கள் பதில் சொல்லும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ என்றால் அயலவர் எல்லோரும் பாயில் வந்து குந்திவிடுவார்கள். படம் கலங்கித்தான் தெரியும். ஆயினும் மறுநாள் சந்தையிலும் பேருந்திலும் பேசுவதற்கு அனைவருக்கும் ஒரே விடயம் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நான் சொல்லமாட்டேன். நாடே ஒரே வேளையில் ஒரே திரையைப் பார்த்ததற்கு இன்னொரு முகமும் உண்டு. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தபோது, 28 ஆம் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்டோருக்கு அதில் ஓர் அனுதாபச் சொல்லும் இருக்கவில்லை. மாற்றிப் பார்க்க வேறு அலைவரிசை எங்கே இருந்தது? அந்த மௌனத்தையும் நாடு முழுவதும் ஒன்றாகவே கேட்டது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெட்டிகள் துணிபோர்த்தி மூலையில் ஒதுங்கின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஆண்டுகள் அவை.

பேரனின் ‘எப்பவும்’ பிறந்த இடம் அமெரிக்கா. 1997 இல் கலிபோர்னியாவில் உருவான நெட்ஃபிளிக்ஸ், தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பும் வியாபாரமாகவே தொடங்கியது. 2007 இல் அது இணையவழிக் காட்சிக்கு வந்தது. 2010 இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபாட் சந்தைக்கு வந்தபின் திரை கூடத்தை விட்டுப் படுக்கையறைக்குப் போயிற்று. என் கணிப்பில், இவற்றிலும் பெரிய உடைப்பு 2013 பெப்ரவரி 1 இல் நேர்ந்தது. ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டது. அடுத்த பகுதிக்காக ஒரு கிழமை காத்திருப்பது என்ற வழக்கம் அன்று ஆட்டங்கண்டது. 2016 ஜனவரியில் அச்சேவை இலங்கைக்கும் வந்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கழியும் நேரத்தில், இணையவழிச் சேவைகளின் பங்கு 2025 மே மாதத்தில் 44.8 வீதமாகி, ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்த பங்கை முதன்முறையாக முந்தியதென்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நேரத்தை ஒழித்தவர்களே இன்று நேரத்தைத் தேடுகிறார்கள். 2024 நவம்பரில் மைக் டைசனின் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரடியாகக் காட்டியது. அதைப் பார்க்க விரும்பியவர்கள் குறித்த வேளையில் திரையின் முன் வந்து அமரவேண்டியிருந்தது, எங்கள் பாயில் குந்தியவர்களைப் போல.

மறுநாட் காலை பேரன் கண்கள் சிவக்க எழுந்து வந்தான். இரண்டு மணிவரை பார்த்தானாம். தொடர் எப்படி என்று கேட்டேன். வீட்டில் வேறெவரும் அதைப் பார்த்திருக்கவில்லை, பள்ளியிலும் இல்லையாம். தேநீர் ஆறும்வரை அரைமணி நேரம் எனக்குக் கதை சொன்னான். முடிவையும் சொல்லிவிட்டான்.