சிறு செலவில் ஒரு வரலாற்றுச் செலவு

பழந்தமிழில் 'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று இலக்கண நூலார் குறித்தனர். பிற்காலத்தில் அச்சொல் கைப்பொருள் கரைவதைக் குறிப்பதாயிற்று. இன்றைய மாணவர் பலரோ இவ்விரண்டும் பிரிக்க இயலாதவை என்றே எண்ணுகின்றனர். வரலாற்றைக் கண்ணாரக் காண ஆக்ராவுக்கும் ஹம்பிக்கும் போக வேண்டும், போகப் பணம் வேண்டும், பணம் இல்லை, ஆகவே போகவில்லை என்பது அவர்கள் கூற்று. சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்கள் இக்கூற்றுக்குத் தக்க விடை அளிக்கின்றன.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் பெயர்களைக் கேளாதார் இல்லை. ஆயினும் அவற்றைக் காண்பதற்கென்று செல்வார் மிகச் சிலரே. அம்பத்தூர் என்றால் 1964-இல் அமைந்த தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். ஆவடி என்றால் 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். 2019-இல் ஆவடி மாநகராட்சியாகவே உயர்ந்தது. எனினும் பயண நூல்களில் அதற்கு இடமில்லை. கடலை விட்டு விலகி நிற்பதால் கடற்காற்று இங்கே காலந்தாழ்த்தே வந்து சேரும். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையானது. மார்கழி முதல் மாசி வரை உள்ள நாட்களே இங்கு உலவுவதற்கு ஏற்றவை.

பயணம் தொடங்கும் இருப்புப்பாதையே ஒரு வரலாற்றுச் சின்னம். 1853-இல் பம்பாயிலும் 1854-இல் கல்கத்தாவை அடுத்தும் இரயில் ஓடிற்று. தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை சென்றது. அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து அரக்கோணம் செல்லும் இன்றைய வழி அதுவே. புறநகர் மின்சார இரயிலில் ஒரு சிற்றுண்டிக்கு ஆகும் பணத்தினும் குறைந்த கட்டணத்தில் அவ்வழியே செல்லலாம்.

அம்பத்தூரை அடுத்தது திருமுல்லைவாயில். யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, தொண்டைமான் வாளால் அதனை வெட்டினான் என்றும், வாள் கொடிக்குள் மறைந்திருந்த இலிங்கத்தில் பட்டது என்றும் தலபுராணம் கூறும். இங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் எருக்கந்தூண்கள் என்று வழங்கும் இரு தூண்களையும், இறைவனை நோக்காது கிழக்கு நோக்கியிருக்கும் நந்தியையும் இன்றும் காணலாம். திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த சுந்தரர் இவ்வூருக்கு வந்து பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் உரைக்கிறது. கையில் பொருளின்றி, கண்ணில் ஒளியுமின்றி ஒருவர் நடந்து வந்த வழி இது.

அடுத்து ஆவடி. 1955 ஜனவரியில் யூ. என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடிற்று. நேரு வந்தார், காமராசர் அப்போது சென்னை மாநில முதலமைச்சர். உற்பத்திக் கருவிகள் சமுதாயத்தின் உடைமையாகவோ ஆட்சியிலோ இருத்தல் வேண்டும், நாட்டின் செல்வம் நேர்மையாகப் பங்கிடப்பெறல் வேண்டும் என்னும் கருத்தமைந்த சமதர்ம பாணிச் சமுதாயத் தீர்மானம் இவ்வூர்ப் பெயராலேயே உலகெங்கும் பேசப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1965-இல், இங்குள்ள தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது.

அதே பாதையில் இன்னும் மேற்கே சென்றால் திருநின்றவூர். ஊர்ப்புறத்தார் இதனைத் தின்னனூர் என்பர். பூசலார் என்னும் அடியவர் இங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். ஊர் ஊராய்ச் சென்றும் பொருள் கிட்டவில்லை. கல்லும் மரமும் தச்சரும் மனத்திலேயே சேர்த்து, நாள் குறித்து, கால்கோளிட்டு, மனத்துள்ளேயே கோயிலை எழுப்பினார். காஞ்சியில் பல்லவ வேந்தன் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு. இறைவன் வேந்தன் கனவில் தோன்றி, தான் பூசலார் கோயிலுக்குச் செல்வதால் நாளை மாற்றுமாறு பணித்தான் என்பது பெரியபுராணக் கதை. அவ்வேந்தனை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்மன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கனவு நிகழ்ந்ததா என்று வரலாறு தீர்ப்புச் சொல்ல இயலாது. பேரரசனின் கற்கோயிலினும் ஏழையின் எண்ணம் பெரிது என்று ஒரு நாடு நம்பியது. அந்நம்பிக்கை வரலாற்று உண்மை.

ஆவடிக்கு மீண்டு, நகரப் பேருந்தில் தெற்கே பூவிருந்தவல்லிக்குப் போகலாம். வழிக்குச் சற்றுக் கிழக்கே கூவம் ஆற்றங்கரையில் இருப்பது திருவேற்காடு. அடியார்க்கு அமுதளித்தே நிலமெல்லாம் விற்றுத் தீர்த்து, பின்னர்ச் சூதாடி வென்ற பொருளாலும் சோறிட்ட மூர்க்க நாயனார் இவ்வூரினர்.

மக்கள் வாயில் பூந்தமல்லியாகிவிட்ட பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர். வணிகர் குலத்தில் பிறந்து, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பணி செய்தவர் அவர். அந்தணரான இராமானுசர் அவரையே தம் வழிகாட்டியாகக் கொண்டார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சாதியின் உயர்வு தாழ்வு கடுமையாக இருந்த நூற்றாண்டில் இஃது எளிய செயல் அன்று. மேற்கே சில கல் தொலைவில் திருமழிசை. அங்கே தோன்றிய ஆழ்வாரை எடுத்து வளர்த்தவர் பிரம்பு அறுத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி என்பது மரபு.

இனி ஒன்று நோக்குக. கோயில் கட்டப் பணமில்லாதவர், சோறிட்டே வறியவரானவர், விசிறி வீசியவர், பிரம்பறுப்போன் வளர்த்த பிள்ளை: இவ்வூர்கள் போற்றி வைத்த பெயர்கள் இவையே. பூவிருந்தவல்லிக்குத் தெற்கேயுள்ள குன்றத்தூரே சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழனின் அமைச்சராய் உயர்ந்த அவர், பூசலாரையும் மூர்க்கரையும் காவிய மாந்தராக்கினார். அவர்கள் அவருக்கு அயலூரார். அரசவையில் இருந்துகொண்டும் அண்டை ஊர் ஏழைகளை அவர் மறக்கவில்லை. அரண்மனையும் கோட்டையுமே வரலாறு என்று கொள்வார்க்கு இப்பகுதி வெறுமையாகத் தோன்றும். பொருளில்லாரும் வரலாறு படைத்தனர் என்று அறிந்தார்க்கு இது செல்வம் நிறைந்த நிலம்.

இந்நிலத்தின் மற்றொரு செல்வம் ஏரி. தொண்டை நாட்டுக்கு ஏரியே உயிர். பூவிருந்தவல்லிக்கு அருகே பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னைக்குக் குடிநீர் வழங்குகிறது. அதன் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் பெருமழை பெய்து, ஏரிநீரும் திறந்துவிடப்பட, அடையாற்றங்கரை எங்கும் வெள்ளம் புகுந்து பல உயிர்களைக் கொண்டது. நீர் செல்லும் வழி எது, நிற்கும் இடம் எது என்பதைப் பழைய ஊர்ப்பெயர்களும் ஏரிக்கரைகளும் மதகுகளும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் படிக்க மறந்த நகரம், இடர் வந்தபின் படிக்க நேர்கிறது. ஆகவே இப்பயணம் பொழுதுபோக்கு மட்டும் அன்று. நாளை வீடும் சாலையும் அமைக்கப்போகும் இளைஞர்க்கு அது கடமையும் ஆகும்.

பயண முறை எளிது. விடியற்காலை இரயிலில் ஏறுக. கட்டுச்சோறும் குடிநீரும் குறிப்பேடும் உடன் கொள்க. கோயில் நண்பகலில் நடை சாத்தும்; அதற்குள் திருமுல்லைவாயிலையும் திருநின்றவூரையும் கண்டுவிட வேண்டும். வெயில் ஏறியபின் மரநிழலில் உண்டு இளைப்பாறி, மாலையில் பூவிருந்தவல்லியையும் திருமழிசையையும் காணலாம். திருவேற்காட்டையும் குன்றத்தூரையும் மற்றொரு நாளுக்கு வைத்துக்கொள்க. ஒவ்வோர் ஊரிலும் மூன்று வினாக்கள் கேட்டு விடையை எழுதுக: இவ்வூருக்கு இப்பெயர் எப்படி வந்தது? இவ்வூர் யாரை நினைவில் வைத்திருக்கிறது? இங்கே பெய்யும் மழைநீர் எங்கே போய்ச் சேர்கிறது? முதியோரைக் கேட்டால் சொல்வர். கல்வெட்டு இருந்தால் எழுத்தறிந்தாரைக் கொண்டு படிக்கலாம். கதையைக் கதை என்றும், கல்வெட்டைச் சான்று என்றும் பிரித்து எழுதப் பழகுக.

விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. வருகிற ஞாயிறே போதும்.